ஊட்டி ஏரியில் பழகிய கை கடலில் துடுப்பு போடுமா?

கோத்தகிரி டிரைவர்:
வணக்கம். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் படுத்த படுக்கையாய் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் சின்னக் குழு எங்களுடையது. நான் ஜீப் ஓட்டுகிறேன். இருப்பது ஒரே ஜீப். போன மழையில் ஏற்றத்தில் கிளட்ச் போய்விட்டது. ஒரு பாட்டிக்கு வலி மருந்து மூன்று மணி நேரம் தாமதம். அவர் மகள் டார்ச்சோடு ரோட்டில் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வண்டி வாங்கியே ஆக வேண்டும்.

பெங்களூரில் பிறந்த அனன்யா பிரசாத் தனியாளாக அட்லாண்டிக்கைத் துடுப்பு போட்டே கடந்தார். ஸ்பெயினின் லா கோமேரா தீவிலிருந்து கரீபியன் தீவான ஆன்டிகுவா வரை சுமார் 4,800 கிலோமீட்டர், 52 நாள். 2025 தொடக்கத்தில் கரை சேர்ந்தார். அவர் நிதி திரட்டியதில் ஒன்று, நம் மலைக்கு அந்தப் பக்கம் சாமராஜநகரில் இருக்கும் தீனபந்து அறக்கட்டளைக்காக. அதைப் படித்ததிலிருந்து இதே நினைப்பு. வண்டிக்கு நிதி திரட்ட, தூத்துக்குடியிலிருந்து கீழக்கரை வரை கடலில் நான் துடுப்பு போட்டுப் போகலாமா? ஆறு வருடமாக ஊட்டி ஏரியில் துடுப்பு போடுகிறேன்.

குன்னூர் மருமகள்:
தம்பி, நான் தூத்துக்குடியில் பிறந்தவள். அப்பா வள்ளத்தில் போனவர். ஏரியில் துடுப்பை இறக்கினால் தண்ணீர் இருக்கும். கடலில் அலை இறங்கும் நேரம் துடுப்பு வெறும் காற்றை இழுக்கும், கைப்பிடி வந்து நெஞ்சில் இடிக்கும். உப்பு காய்ந்த துணி உரசி உட்காரும் இடமெல்லாம் புண்ணாகும். அட்லாண்டிக் போகிற படகே வேறு: கவிழ்ந்தால் தானாக நிமிரும், கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் அதற்கு சோலார் தகடும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம், ஆனால் பக்கத்திலேயே ஒரு மோட்டார் வள்ளம் கட்டாயம் வர வேண்டும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும். வழியில் இருக்கும் தீவுகள் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. கடலோரக் காவல் போலீசுக்கும் மீன்வளத் துறைக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். முதலில் ஒரு மாதம் வந்து கரையோரமாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம்.

ஊட்டி கணக்கர்:
பணம் பற்றி மட்டும் சொல்கிறேன். படகு, டீசல், சாப்பாட்டுச் செலவை நன்கொடையில் தொடவே கூடாது. அந்தச் செலவை ஏற்கத் தனியாக ஆள் பிடியுங்கள். நன்கொடை நேராகக் குழுவின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், உங்கள் போன் நம்பருக்கு வேண்டாம். கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும் பதிவு (80ஜி என்பார்கள்) குழுவுக்கு இருந்தால் அதற்கான ரசீது கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரி டிரைவர்:
அக்கா, ஜனவரி கடைசியில் இறங்கி வருகிறேன். அப்பா உடன் வருவாரா? சார், படகுச் செலவுக்கு என் சேமிப்பில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். அந்தப் பாட்டியின் மகள் இன்று 500 ரூபாய் கொண்டுவந்தார். ரசீது போட்டுக் கொடுத்தோம்.