ஒரு நாள் கர்நாடக இசை ஒலிபரப்பு: ஆலாபனையை 'நிசப்தம்' என்று எண்ணும் மென்பொருளை என்ன செய்வது?

வணக்கம். காலை 6 முதல் இரவு 10 வரை கச்சேரிப் பதிவுகளும் இடையிடையே கலை உரையாடல்களும் தானாக ஓடும்படி ஒரு வானொலி நிரல் தயாராகிறது. பூபாளம் காலையில், நீலாம்பரி கடைசியில் என ராக வரிசை முடிந்துவிட்டது. இழுபறி ஒலி அளவில்தான்.

ஒலி -40 டெசிபலுக்குக் கீழே 8 நொடி நீடித்தால் மென்பொருள் மாற்றுக் கோப்புக்குத் தாவிவிடுகிறது. தம்புரா மட்டும் மெலிதாகக் கேட்கும் வீணை ஆலாபனைத் தொடக்கங்களில் இதுவே நடக்கிறது. 25 நொடியாக்கினால், கோப்பு உண்மையிலேயே அறுந்தாலும் நேயர் அத்தனை நேரம் காத்திருக்க வேண்டும். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸர் போட்டால் டேப் இரைச்சல் மேலேறி, தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் நசுங்குகிறது; அந்தப் பழி வேண்டாம். எல்லாக் கோப்புகளும் -23 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவில் உள்ளன. ஆனால் அது முழுக் கோப்புக்குமான சராசரி, ஆலாபனைக்கு உதவாது.

நிகழ்ச்சிக்கேற்ப இந்த நிசப்த வரம்பை நிரலிலேயே மாற்றுகிறீர்களா? இல்லை, மெலிந்த பகுதியை மட்டும் கையால் 3, 4 டெசிபல் உயர்த்துகிறீர்களா? எந்த மென்பொருள் என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று: சில கேசட் பிரதிகளில் சுருதி ஏறியிருக்கிறது. வேகம் சுமார் 6 விழுக்காடு கூடினாலே அரைக்கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) ஏறிவிடும். பாடகரின் கட்டை தெரியாதபோது பதிவில் கலந்திருக்கும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அளவுகோலாக்கலாம். ஆனால் அது மூலப் பதிவினுடையதா, படியெடுத்த கருவியினுடையதா என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?