ரெசின் சக்கரத்தில் குமிழி: வழி சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். மலாயா அவசரகாலத்தில் (1948–60) எங்கள் தோட்டச் சாலையில் ஓடிய ஃபெர்ரெட் கவச வண்டியைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். அதன் மாதிரியை 1:6 அளவில், பிளாஸ்டிக் தகடு வெட்டிக் கையாலேயே செய்கிறேன்.

உடல் முடிந்தது, சிக்கல் சக்கரத்தில். மாற்றுச் சக்கரத்தோடு 5 வேண்டும். ஒன்றைச் செதுக்கி, சிலிக்கோன் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசின் (அச்சில் ஊற்றினால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றினேன். முதல் இரண்டும் அருமை. அப்புறம் ஒரு வாரம் மழை. அதன்பின் ஊற்றியதெல்லாம் நுரைத்துப் பொங்கி, டயர் பள்ளம் முழுக்க ஓட்டை. ஈரம் பட்டால் இந்த ரெசின் கரியமில வாயு விடும், தெரியும். ஆனால் திறந்த டின்னைக் காப்பாற்ற வழி உண்டா? அச்சை லேசாகச் சூடாக்கி உலர்த்தினால் போதுமா?

ஈப்போ பக்கம் யாரிடமாவது அழுத்தக் கலன் (காற்றழுத்தத்தால் ரெசின் குமிழியைச் சுருக்கும் பாத்திரம்) இருந்தால், ஒருநாள் வந்து 3 சக்கரம் ஊற்றிக்கொள்ளலாமா? ரெசின் நானே கொண்டுவருகிறேன். தாத்தாவுக்கு 88 வயது. சீக்கிரம் அவர் கையில் கொடுக்க வேண்டும்.