மக்கள் பிரிவுகளிடையே நீரிழிவு, உயர் இரத்த அழுத்த இறப்பு வீதங்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி – முகில்

வணக்கம். பொதுச் சுகாதாரப் பாடத்திற்காகக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் இறப்போரை இனம், வருமானம் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைகளில், ஒரே ஆண்டில் ஒரே பிரிவினரின் வீதம் ஓரிடத்தில் பிறரைவிடக் குறைவாகவும், 'வயது சீர்செய்யப்பட்டது' என்று குறித்த இடத்தில் பிறரைவிட அதிகமாகவும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? ஒரு பிரிவில் இறப்பு அதிகமென்றால், அதைப் பரம்பரையின் விளைவு என்று எழுதலாமா?

மறுமொழி – கதிரவன்

பிரிவுகளை ஒப்பிட வயது சீர்செய்த வீதமே தேவை, அதாவது எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே வயது அமைப்புள்ள மக்கள்தொகை இருப்பதாகக் கொண்டு கணித்த வீதம்; மருத்துவமனைப் படுக்கைகளைத் திட்டமிடுவதற்குத்தான் சீர்செய்யாத வீதம். இவ்விரு நோய்களாலும் நேரும் இறப்புகள் பெரும்பாலும் முதிய வயதில் குவிவதால், இளைஞர் மிகுந்த பிரிவில் நோய் கடுமையாக இருந்தாலும் சீர்செய்யாத வீதம் அதை மறைத்துவிடும்.

இங்கிலாந்தின் பூல் நகர நீரிழிவு நோயாளிகளைப் பற்றி 1994இல் வெளிவந்த கணக்கு இதற்கு நல்ல சான்று. இன்சுலின் சாராதோரில் (பெரும்பாலும் இன்று இரண்டாம் வகை எனப்படும் நீரிழிவு உடையோர்) 544 பேரில் 218 பேர், அதாவது 40 விழுக்காட்டினர் இறந்திருந்தனர். இன்சுலின் சார்ந்தோரில் (பெரும்பாலும் முதல் வகை) 358 பேரில் 105 பேர், அதாவது 29 விழுக்காட்டினர். ஆனால் 40 வயதைக் கடந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் முன்னவர்களில் 41, பின்னவர்களில் 46 விழுக்காடு என்று கணக்கு தலைகீழாகிறது. 40 வயதுக்கு உட்பட்டோர் இன்சுலின் சாராத குழுவில் வெறும் 15 பேர், மற்றதில் 130 பேர். இளையோரில் இறப்பு அரிது என்பதால், வித்தியாசம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

மறுமொழி – நிலவழகி

வயதைச் சீர்செய்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். புள்ளிவிவரத்தில் ஒரு மரணத்திற்கு ஓர் அடிப்படைக் காரணமே பொதுவாக எண்ணப்படுகிறது. பல ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர் மாரடைப்பால் இறந்தால், சான்றிதழை நிரப்பும் மருத்துவர் எழுதும் விதத்தைப் பொறுத்து அவர் நீரிழிவுக் கணக்கில் சேரலாம், சேராமலும் போகலாம். இரத்த அழுத்தத்தின் நிலை இன்னும் மோசம், ஏனெனில் அது விளைவிக்கும் பக்கவாதமே பெரும்பாலும் காரணமாகப் பதிவாகிறது. 2019இல் உயர் இரத்த அழுத்தத்தால் விளைந்த இறப்புகளை ஒரு கோடிக்கும் மேல் என்று உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. அந்நோயின் பெயரிலேயே பதிவாகும் இறப்புகள் இதில் சிறு பகுதிதான். சான்றிதழ் எழுதும் வழக்கம் இரு பிரிவுகளுக்கும் ஒன்றுதானா என்று பாராமல் ஒப்பிட்டால், நோயை அல்ல, பதிவேட்டைத்தான் ஒப்பிட்டிருப்பீர்கள்.

முகில்

நன்றி. பரம்பரை பற்றிய கேள்விக்கும் யாரேனும் விடை கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – செழியன்

இறப்பு வீதத்தை மட்டும் வைத்து அப்படி எழுத இயலாது. எத்தனை பேருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் எத்தனை பேர் உரிய சிகிச்சையின்றி இறக்கிறார்கள் என்னும் இரண்டும் அதில் கலந்திருக்கின்றன. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வயது சீர்செய்த நீரிழிவு இறப்பு வீதம் வெள்ளையர்களுடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்பது உண்மை; ஆனால் மருத்துவக் காப்பீடு, வருமானம், நோய் கண்டறியப்படும் காலம் ஆகியவற்றிலும் அவ்விரு பிரிவினரும் சமமாக இல்லை.

நோய் வரும் அளவிலும் சூழலின் கை ஓங்கியிருப்பதைக் காணலாம். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஒப்பிட்ட 1997ஆம் ஆண்டு ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16, கரீபியனில் 26, அமெரிக்காவில் 33 விழுக்காட்டினருக்கு இருந்தது. பீமா பழங்குடியினரில் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்வோரிடம் 38 விழுக்காடாக இருந்த நீரிழிவு, மெக்சிகோவின் மலைப்பகுதியில் வாழும் அவர்களது உறவுக் குழுவினரிடம் 6.9 விழுக்காடாகவே இருந்ததாக 2006இல் அறிவிக்கப்பட்டது. இவை நோய்ப் பரவலின் அளவுகளே, இறப்பின் அளவுகள் அல்ல. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்றும் இவற்றிலிருந்து முடிவுகட்ட முடியாது.

கட்டுரையில் நோய்ப் பரவல், சிகிச்சையால் கட்டுக்குள் இருப்போரின் விகிதம், வயது சீர்செய்த இறப்பு வீதம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பிரிவுக்கும் அருகருகே தாருங்கள். சீர்செய்யும்போது எந்த மக்கள்தொகை அளவுகோலாகக் கொள்ளப்பட்டது என்பதையும் குறியுங்கள், ஏனெனில் வெவ்வேறு அளவுகோல்களில் கணித்த வீதங்களை ஒரே அட்டவணையில் வைக்கலாகாது.