மறுமணமே விடுதலையாகுமா?

கேள்வி: அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903) நாவலில் இளம் கைம்பெண் ஒருத்தி தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறாள். துணிச்சலான அந்தக் குரல் இறுதியில் மறுமணத்தில் போய் நிற்கிறது. ஒரு வீட்டின் காவலிலிருந்து இன்னொரு வீட்டின் காவலுக்குப் போவதை அக்கால எழுத்தாளர்கள் விடுதலையாகக் கருதியது ஏன்?

பதில் 1: அன்றைய சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1856ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக் கைம்பெண்ணின் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்துகொண்டவுடன், இறந்த கணவரின் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையைப் பறித்தது. 1937இல் வந்த சட்டமும் கணவர் சொத்தில் ஆயுட்கால உரிமையை மட்டுமே தந்தது. கையில் காசில்லாத, படிப்பும் மறுக்கப்பட்ட ஒரு சிறுபெண்ணுக்கு வேறு எந்த வாசலை நாவலாசிரியர் நம்பும்படியாகத் திறந்து காட்டியிருக்க முடியும்? அந்த முடிவைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2: ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பாரதியின் முற்றுப்பெறாத ‘சந்திரிகையின் கதை’யை மறக்கலாகாது. அதில் கைம்பெண்ணான விசாலாட்சி, மறுமணத்துக்கு உதவி வேண்டிச் சீர்திருத்தக்காரர்களைத் தானே நாடிப் போகிறாள். கைம்பெண் மறுமணத்துக்காகப் பாடுபட்ட தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலுவே அக்கதையில் ஒரு பாத்திரமாக வருகிறார். முடிவு மறுமணம்தான் என்றாலும், அவளுக்காகப் பேச அண்ணனோ மாமனோ முன்னால் நிற்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பதில் 3: கதைமாந்தரோடு நின்றுவிட வேண்டாம். சிறுவயதிலேயே மணமுடிக்கப்பட்ட, பள்ளிக்கே செல்லாத வை. மு. கோதைநாயகி 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, அதன் ஆசிரியராக இருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். மாதவையா தம் நாயகிக்குத் தர முடியாத வருமானத்தையும் பொதுவாழ்வையும், கால் நூற்றாண்டுக்குள் ஒரு பெண் எழுத்தாளர் எழுதியே ஈட்டிக்கொண்டார்.