கலைச்சொல் தேவை: தோற்பதற்கென்றே போடும் டெண்டருக்கு என்ன பெயர்?

கயல்விழி:
வணக்கம். ஊராட்சிக் கட்டுமானப் பணிகளைச் சமூகத் தணிக்கை செய்வோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் சார்ந்த சொற்கள் எல்லாம் அமைந்துவிட்டன. ஒன்றுதான் இழுக்கிறது. வேலை இன்னாருக்கு என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு, போட்டி நடந்ததாகக் காட்ட மற்றவர்கள் வேண்டுமென்றே கூடுதல் விலை போடுகிறார்களே, 'கவர் பிட்', அதற்கு 'போலி ஒப்பந்தப்புள்ளி' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தணிகாசலம்:
போலி வேண்டாம் அம்மா. போலி என்றதும் கள்ள ஆவணத்தைத் தேடப் போய்விடுவார்கள். இங்கே பதிவுச் சான்று, டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை, கையொப்பம் எல்லாமே அசல். பொய் விலையில் மட்டும்தான். ஆகவே எல்லோர் விலையையும் அருகருகே காட்டும் ஒப்பீட்டு அறிக்கையைக் கையில் எடுக்க வேண்டும். அளவுப் பட்டியலில், அதாவது வேலைகளையும் அவற்றின் அளவுகளையும் வரிசையாகத் தரும் பட்டியலில், ஒவ்வொரு இனத்துக்கும், தோற்றவர் விலையை வென்றவர் விலையால் வகுத்துப் பாருங்கள். மண் தோண்டலுக்கு 1.06, கான்கிரீட்டுக்கு 1.06, கம்பி வேலைக்கு 1.06, பூச்சுக்கும் 1.06 என்று வந்தால், அவர் தனியாக மதிப்பீடு போடவே இல்லை. ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வருகிறது, சென்ட்ரிங் பலகை சொந்தமா வாடகையா என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இனம் ஏறும், ஓர் இனம் இறங்கும். அதுதான் இயல்பு. இரண்டு பட்டியலிலும் ஒரே கூட்டல் பிழை, ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் வரைவோலை, இவையும் தடயங்கள். சதவீத முறை டெண்டரில் இந்த வகுத்தல் உதவாது. அங்கே மதிப்பீட்டுக்கு மேலே கீழே என்று ஒரே எண்தான் இருக்கும்.

களத்தில் 'டம்மி டெண்டர்' என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதையே வைக்கலாம்.

செம்பியன்:
'டம்மி' உள்ளே வந்தால் 'டெண்டர்' கூடவே வரும். பிறகு கையேடு எதற்கு? பொருளிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே ஆள் மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் போடுவதையும் டம்மி என்றுதான் சொல்கிறார்கள். அது பினாமி. நாம் பேசுவது தனித்தனி நிறுவனங்கள் கூடிச் செய்யும் சதி. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வருவது. என் பரிந்துரை: பொய்ப்போட்டிப்புள்ளி.

ரஹ்மத்:
பொய்ப்போட்டிப்புள்ளியை வகுப்பில் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள் ஐயா, நாக்கு சுளுக்கும். நம் பிள்ளைகள் விளையாட்டில் கணக்கில் சேராமல் சேர்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். சப்பாணி உடல் ஊனத்தைச் சுட்டும் சொல், அதை விடுவோம். 'ஒப்புக்குப் புள்ளி' போதும். கேட்டவுடன் பொருள் நிற்கிறது.

செம்பியன்:
'ஒப்புக்கு' வினையைத் தழுவ வேண்டிய சொல். 'ஒப்புக்குக் கேட்டான்' சரி. பெயருக்கு முன் எப்படி நிற்கும்? 'ஒப்புப்புள்ளி' என்று தொகையாக்கினால் இலக்கணம் இடிக்காது.

ரஹ்மத்:
கூலிக்கு ஆள், பெயருக்குத் தலைவர் என்று நான்காம் வேற்றுமை பெயரோடு நிற்கத்தானே செய்கிறது? 'ஒப்புப்புள்ளி' என்றால் ஏற்றுக்கொள்ளப்பட்ட டெண்டர் என்று படிப்பார்கள். ஒப்புகைச் சீட்டு, ஒப்புதல் எல்லாம் அந்தப் பக்கம் இழுக்கும்.

செம்பியன்:
அப்படியானால் 'ஒப்பு'க்கே போவோம். தொல்காப்பிய உவமவியலில் 'ஒப்ப' உவம உருபு. ஒன்றைப் போல இருப்பதே ஒப்பு. ஒப்பனையும் அதன் வழியே. 'புள்ளி'யோ எண்ணிக்கைக்கு உரியது. நகரத்தார் கோயில் கணக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. எண்ணத் தகாத ஒன்றைப் புள்ளி என்பதே முரண்.

கயல்விழி:
ஐயா, வெள்ளிக்கிழமை.

சிவமலர் (யாழ்ப்பாணம்):
இஞ்சை டெண்டருக்கு விலைமனு, கேள்விமனு எண்டு சொல்லுவம். கொள்முதலுக்குப் பெறுகை, ஆணைக்குழுவின்ரை பெயரே தேசிய பெறுகை ஆணைக்குழு. 'புள்ளி' எங்கடை ஆக்களுக்கு மதிப்பெண். 'ஒப்புக்கு விலைமனு' எண்டால் ரெண்டு கரையிலும் விளங்கும். 'பாவனை விலைமனு' எண்டு மட்டும் போடாதேங்கோ. இஞ்சை பாவனை எண்டால் பயன்பாடு.

தணிகாசலம்:
சொல் எதுவானாலும் விளக்கத்தில் இதையும் சேருங்கள். டெண்டர் ஆவணம் வாங்கியவர்களின் பட்டியல் திறப்புக்கு முன் கசியக் கூடாது. யாரெல்லாம் போடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் யாரை வளைப்பது என்று கூட்டாளிகளுக்குத் தெரியும். திறந்த பிறகோ, எல்லோர் விலையும் இனவாரியாக வெளியே வர வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் ஒட்டினால் மேலே சொன்ன வகுத்தலைச் செய்யவே முடியாது. வெளிப்படைத்தன்மையில் எதை எப்போது வெளியிடுவது என்பதும் அடக்கம்.

கயல்விழி:
மூவர் 'ஒப்புக்கு' பக்கம் நிற்பதாக எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டுப் பதிப்பில் ஒப்புக்குப் புள்ளி, இலங்கைப் படியில் ஒப்புக்கு விலைமனு. முதல் இடத்தில் 'களத்தில் டம்மி டெண்டர் என்பார்கள்' என்று ஒரு வரி. வகுத்தல் அட்டவணை அதே பக்கத்தில் வரும்.

செம்பியன்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த பக்கத்தில், கூட்டாளிகள் மாறி மாறி வேலை எடுப்பதற்கு 'முறைவைப்பு' என்று வரைவில் கண்டேன். அதையும் ஏற்க முடியாது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது உழவர்களின் நேர்மையான ஏற்பாடு. அந்தச் சொல்லைக் களவுக்குக் கொடுக்கலாமா?