வரைவு இ.ஐ.ஏ. (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு) அறிக்கையில் எதைப் பார்ப்பது, கருத்துக்கேட்பில் என்ன எழுதிக் கொடுப்பது?

வரப்போரம்:

புதிய நான்குவழி தேசிய நெடுஞ்சாலை, 38 கி.மீ. முழுக்கப் புதுத் தடம், பெரும்பகுதி நஞ்சை. நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிக்கை கெசட்டில் வந்து 10 நாள் ஆகிறது. சுற்றுச்சூழல் அனுமதி இன்னும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இப்போதுதான் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு விளம்பரம் கொடுத்திருக்கிறது. மூன்று சந்தேகங்கள்:

1. அனுமதி வாங்காமல் 3ஏ போட்டது செல்லுமா?
2. வரைவு அறிக்கை 400 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? தடத்தில் இரண்டு ஏரிகளின் வரத்து வாய்க்கால்கள் குறுக்கிடுகின்றன.
3. இதே சாலையின் தொடர்ச்சியாக 72 கி.மீ. பழைய சாலையை அகலப்படுத்துகிறார்கள். அதற்குக் கூட்டமே கிடையாதாம். எப்படி?

அ_பதிவேடு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில், ஏனென்றால் அதில்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

3ஏ செல்லும். சேலம்–சென்னை எட்டுவழிச்சாலை வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அறிவிக்கைகளை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று அதை மாற்றி, 3ஏ கட்டத்துக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, களத்தில் வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே "அனுமதி இல்லை, அறிவிக்கை செல்லாது" என்ற ஒரே வாதத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

நில எடுப்பும் சுற்றுச்சூழல் அனுமதியும் தனித்தனித் தடங்கள். அதிகாரி வேறு, கெடு வேறு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ன் பிரிவு 3சி-படி ஆட்சேபனைக்கு 21 நாள்தான். பத்திரிகை விளம்பரம் பிந்தி வந்திருந்தாலும் கெசட் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. உங்களுக்கு மீதி 11 நாள். மனு எழுத்தில், நில எடுப்பு அலுவலரிடம், ஒப்புகையுடன். நேரில் விசாரிக்கக் கேட்கும் உரிமை உண்டு, வழக்கறிஞர் மூலமும் ஆஜராகலாம்.

அதில் இழப்பீடு குறைவு என்று எழுதிப் பக்கத்தை வீணாக்காதீர்கள். இழப்பீடு 3ஜி கட்டம், பிறகு வருவது. இப்போது எழுத வேண்டியது: சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு தவறா, கிணறும் வீடும் விடுபட்டிருக்கிறதா, தடத்தைச் சற்று நகர்த்த முடியுமா என்பவை. நில எடுப்பை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வெளியாகிவிட்டால் நிலம் மத்திய அரசின் உடைமை. அதன்பின் தடத்தைப் பற்றிப் பேசிப் பயன் குறைவு.

மதகு:

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். காற்று, ஒலி அட்டவணைகள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். நான் பார்க்கச் சொல்லும் வரிசை: முதலில் குறுக்கு வடிகால் அமைப்புகளின் பட்டியல், பிறகு மாற்றுத் தடங்கள் அத்தியாயம், பிறகு மண் எடுக்கும் இடங்கள், கடைசியில் அடிப்படைத் தரவு.

குறுக்கு வடிகால் பட்டியலில் ஒவ்வொரு பாலமும் கல்வெர்ட்டும் (சிறுபாலம்) செயினேஜ் எண்ணோடு, அதாவது சாலைத் தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தோடு இருக்கும், 14+350 (14 கி.மீ. 350 மீட்டர்) என்கிற மாதிரி. கிராம வரைபடத்தையும் எஃப்.எம்.பி.யையும் (புல அளவை வரைபடம்) பக்கத்தில் வைத்து, தடம் கடக்கும் ஒவ்வொரு வாய்க்காலுக்கும் நேராகப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்துத் தயாரித்த பட்டியலில் கோடையில் வறண்டு கிடக்கும் வரத்து வாய்க்கால் விழாது. வருவாய்க் கணக்கில் அது வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கும். ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் மறுகாலும் இப்படித்தான் விடுபடும். சங்கிலித் தொடர் ஏரிகளில் ஒன்று விடுபட்டால் கீழே உள்ள அத்தனைக்கும் தண்ணீர் போகாது.

இருக்கும் கல்வெர்ட்டின் அளவு போதுமா என்று கையாலேயே தோராயமாகப் பார்க்கலாம். நீர்ப்பிடிப்புப் பரப்பு (ஹெக்டேர்) × மழைச் செறிவு (மணிக்கு மி.மீ.) × ஓட்டக் குணகம் (மழையில் வழிந்தோடும் பங்கு) ÷ 360 = நொடிக்கு எத்தனை கனமீட்டர் வரும் என்பது. உதாரணமாக 150 ஹெக்டேர், மணிக்கு 60 மி.மீ., குணகம் 0.5 என்றால் 12.5 கனமீட்டர். 1.2 மீட்டர் விட்டக் குழாய் ஒன்று, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழுதாக ஓடினாலும் சுமார் 2.3 கனமீட்டர்தான் விடும். ஆறு குழாய் தேவைப்படும் இடத்தில் பட்டியல் இரண்டைக் காட்டினால், அந்தக் கணக்கை அப்படியே மனுவில் எழுதி, ஆலோசகரின் நீரியல் கணக்கைக் கேளுங்கள். 4 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள பாக்ஸ் கல்வெர்ட்டில் 1.6 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் போனால் இதே அளவு கடந்துவிடும், குப்பையும் அவ்வளவாக அடைக்காது. இது முதற்கட்டச் சோதனைதான், வடிவமைப்பு அல்ல. ஆனால் கேள்வி கேட்க இது போதும்.

அளவு சரியாக இருந்தும் கெடுவது ஒன்று உண்டு: தள மட்டம். கல்வெர்ட்டின் அடித்தளம் வாய்க்கால் படுகையைவிட அரையடி உயர்ந்தாலும் மேற்பக்க வயலில் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு கடப்பிலும் படுகை மட்டம், கல்வெர்ட் தள மட்டம் இரண்டையும் அட்டவணையாகக் கேளுங்கள். கட்டுமானக் காலத்தில் வாய்க்காலை மண் போட்டு மூடி லாரிக்கு வழி விடுவார்கள். அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று தேதி குறித்து நிபந்தனை கேளுங்கள்.

மண்: சாலைக் கரை சராசரி 3 மீட்டர் உயரம், மேல் அகலம் 25 மீட்டர், சரிவு 1-க்கு 2 (உயரம் 1, கிடை 2) என்று வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 93,000 கனமீட்டர். 15 கனமீட்டர் டிப்பரில் 6,200 நடை. 38 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள். "அருகிலுள்ள இடங்களிலிருந்து எடுக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்த அத்தியாயம் எழுதப்படவே இல்லை என்று அர்த்தம். சாலை போன்ற நீள்திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து 2020-ல் கொடுத்த பொதுவிலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்தது. அதன் பிறகு வந்த அறிவிக்கைகளையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மாற்றுத் தடங்கள்: மூன்று தடம் காட்டி, இரண்டை வேண்டுமென்றே மோசமாக வரைந்திருப்பது பழைய வித்தை. பழைய இருவழிச் சாலையை மேம்படுத்துவது ஒரு மாற்றாக ஆராயப்பட்டிருக்கிறதா பாருங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டியின்படி சமவெளியில் இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு 15,000 பி.சி.யு. (எல்லா வாகனங்களையும் கார் அளவுக்கு மாற்றிய எண்ணிக்கை) கணக்கு. இன்று 9,000 இருந்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் அதை எட்டப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அறிக்கை எந்த வளர்ச்சி வீதத்தைப் போட்டிருக்கிறது என்று பாருங்கள், பல முடிவுகள் அந்த ஒரு எண்ணில் தொங்குகின்றன.

செயினேஜ்:

மூன்றாவது கேள்வி. 2006 இ.ஐ.ஏ. அறிவிக்கையின் அட்டவணையில் 7(எஃப்) பாருங்கள். புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் நீளம் எவ்வளவானாலும் 'ஏ' பிரிவு, டெல்லியில் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். விரிவாக்கம் என்றால் 100 கி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், கூடவே கூடுதல் நில அகலம் பழைய தடத்தில் 40 மீட்டருக்கும், தடமாற்றம் அல்லது புறவழியில் 60 மீட்டருக்கும் மேல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி தேவை. 2013-ல் தளர்த்தும் முன் இது 30 கி.மீ., 20 மீட்டராக இருந்தது. உங்கள் 72 கி.மீ. இதற்குள் வராது. 38-ஐயும் 72-ஐயும் கூட்டி 110 என்று வாதாடுவதும் எளிதல்ல, ஒன்று புதியது, மற்றது விரிவாக்கம்.

ஆனால் அந்த 72 கி.மீ. ஒரு பெரிய விரிவாக்கத்தின் ஒரு பேக்கேஜ் (தனி ஒப்பந்தப் பகுதி) மட்டுமா என்று பாருங்கள். விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜனவரி 19 தீர்ப்பு இரண்டையும் சொல்கிறது: நில அகலம் வரம்பைத் தாண்டாததால் அங்கே அனுமதி தேவையில்லை, அதே நேரம் அனுமதியைத் தவிர்க்கும் உத்தியாகத் திட்டத்தைத் துண்டு போடக் கூடாது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் சாத்தியக்கூறு அறிக்கை, எல்லாப் பேக்கேஜ்களின் தொடக்க–முடிவு செயினேஜ், ஒவ்வொன்றிலும் கூடுதல் நில அகலம் ஆகியவற்றைக் கேளுங்கள். நீளத்தை மட்டும் கேட்டு வாங்கிவிட்டு அகலத்தை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை.

வரப்போரம்:

மிக்க நன்றி. மதகு சார், பட்டியலில் ஒரு மறுகால் இல்லவே இல்லை, இப்போதுதான் பார்த்தேன். கூட்டத்தில் பேச நேரம் தராமல் முடித்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாமா?

நாலாம்_இணைப்பு:

பேசுவதை நம்பி இருக்க வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம், அதுவும் பதிவில் சேரும். ஒரே மனுவில் 500 கையெழுத்து இருந்தால் அனுமதி கேட்கும் சாலை நிறுவனம் ஒரே பதிலில் முடித்துவிடுவார். ஒரு மனுவுக்கு ஒரு செயினேஜ், ஒரு பிரச்சினை, கேட்கும் நிபந்தனை என்று பிரித்துக் கொடுங்கள். "திட்டம் வேண்டாம்" என்பதையும் எழுதுங்கள், ஆனால் அது மட்டும் இருந்தால் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

நடைமுறையில் சரிபார்க்க வேண்டியவை: அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் குறைந்தது 30 நாள் இடைவெளி, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், தமிழில் சுருக்க அறிக்கை. முழு வரைவு ஆட்சியர் அலுவலகம் முதலிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் ஆட்சியர், அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதி. தடம் இரண்டு மாவட்டத்தில் போனால் இரண்டிலும் கூட்டம். கோரம் என்று எதுவும் கிடையாது, பத்து பேர் வந்தாலும் கூட்டம் செல்லும். புறக்கணிப்பதால் அது நிற்காது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும். வாசிக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். மறுகால் விவகாரம் "வடிகால் வசதி கேட்டனர்" என்று மழுங்கியிருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள்.

அதன்பின் இறுதி அறிக்கையை வரைவோடு ஒப்பிட்டு, எந்த மனுவுக்கு என்ன பதில், பட்டியலில் புதுக் கல்வெர்ட் சேர்ந்ததா என்று மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளமான பரிவேஷில் பாருங்கள். குழுவின் கூட்ட நிரலும் குறிப்பும் அங்கேயே வரும். அனுமதி கொடுத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் இல்லை. தென்மண்டல அமர்வு சென்னையில்.