பார்படோஸ்: பேக்கேஜ் இல்லாமல் சொந்தமாகப் போக விவரம் வேண்டும்

நங்கநல்லூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் நான், மனைவி, அம்மா மூவரும் பார்படோஸ் போகலாம் என்று இருக்கிறோம். டூர் கம்பெனி வேண்டாம், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தேவையில்லை என்று படித்தேன். லண்டன் வழியாக டிக்கெட் பார்க்கிறேன். ஏஜென்ட் ஒருவர், "ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரப்போவதில்லை, அதனால் பிரிட்டன் விசா வேண்டாம்" என்கிறார். நம்பலாமா? அங்கே கார் எடுத்தே ஆக வேண்டுமா, பஸ் போதுமா? அம்மா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப்போக நினைக்கிறோம். பணத்தை எப்படிக் கொண்டுபோவது? அவ்வளவு தூரம் போகிறோம், ட்ரினிடாடையும் சேர்த்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

மீனம்பாக்கம் கேட்:
முதலில் அந்த ஏஜென்ட் சொன்னதைத் தள்ளி வையுங்கள். ஏர்போர்ட்டுக்குள்ளேயே விமானம் மாறினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டன் தனியாக ஒரு டிரான்சிட் விசா கேட்கிறது. அதன் பெயர் டைரக்ட் ஏர்சைடு டிரான்சிட் விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கனடா விசாவோ இருந்தால் விலக்கு கிடைக்கலாம். உங்கள் மூவருக்கும் பொருந்துமா என்று பிரிட்டன் அரசு இணையதளத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மகனிடம் அமெரிக்க விசா இருப்பது அம்மாவுக்கு உதவாது.

அதைவிட முக்கியம், டிக்கெட் எப்படி எடுக்கிறீர்கள் என்பது. சென்னை–ஹீத்ரோ ஒரு டிக்கெட், ஹீத்ரோ–பார்படோஸ் இன்னொரு டிக்கெட் என்று மலிவாகத் தனித்தனியே எடுத்தால், பெட்டியை லண்டனில் வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். அப்போது மேலே சொன்ன ஏர்சைடு விசா செல்லாது, உள்ளே நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். முதல் விமானம் ஹீத்ரோவில் இறங்கி, அடுத்தது கேட்விக்கிலிருந்து கிளம்பினாலும் இதே கதைதான். டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரையும் டெர்மினலையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று பேருக்கும் ஒரே பிஎன்ஆர், பெட்டி கடைசி ஊர் வரை போக வேண்டும். கொஞ்சம் கூட விலை என்றாலும் இதுதான் சரி.

அமெரிக்கா வழி என்றால் அங்கே ஏர்சைடு டிரான்சிட் என்ற ஏற்பாடே கிடையாது. மயாமியில் இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்கும் முழு இமிக்ரேஷன் உண்டு, சி-1 (டிரான்சிட்) அல்லது பி1/பி2 (வணிகம்/சுற்றுலா) விசா கட்டாயம். ஏற்கெனவே விசா இல்லாதவர்கள், ஜனவரிப் பயணத்தை நம்பி ஜெமினி மேம்பாலத்துக் கான்சுலேட் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சிக்கல் பெரும்பாலும் பார்படோஸில் வராது, மீனம்பாக்கத்திலேயே வரும். செக்-இன் கவுன்டரில் இருப்பவர் அந்த ஊருக்கு அடிக்கடி ஆள் அனுப்பியிருக்க மாட்டார். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்தின் முழு முகவரி, பயணக் காப்பீடு, பார்படோஸ் அரசின் இணையவழி வருகைப் படிவத்தை நிரப்பியதும் கிடைக்கும் ரசீது, எல்லாவற்றையும் பேப்பரிலேயே வைத்திருங்கள்.

கிண்டி ஊசி:
ட்ரினிடாட் பற்றி: அழகான யோசனை. போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து பார்படோஸுக்குச் சுமார் ஒரு மணி நேரப் பறப்புதான். ஆனால் ட்ரினிடாட் மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் இருக்கிறது, பார்படோஸ் இல்லை. ட்ரினிடாடிலிருந்து பார்படோஸுக்குள் நுழைய, நோய் பரவும் காலம் தவிர, வழக்கமாகத் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் ட்ரினிடாடை விட்டு 6 நாளுக்குள் இந்தியா வந்தால் சென்னையில் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு, கெஞ்சிப் பயனில்லை.

ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தக் கிழமை, எப்படிப் பதிவு என்பதை முன்கூட்டியே கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். சான்றிதழ் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் செல்லும். முக்கியமான எச்சரிக்கை: இது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை போடும்போது பக்கவிளைவு அபாயம் கூடுதல். முட்டை அலர்ஜி, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பது போன்றவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அம்மா வயதைப் பார்த்தால், இந்த முறை பார்படோஸ் மட்டும் போதும் என்பது என் கருத்து.

திருவான்மியூர் 47டி:
பஸ் போதும், ஒரு நாள் மட்டும் கார் எடுங்கள்.

தீவு மொத்தமே சுமார் 430 சதுர கிலோமீட்டர். நம் சென்னை மாநகராட்சி 426. நீளவாக்கில் 34 கிலோமீட்டர்தான். அதனால் தினம் ஓட்டல் மாற்றிச் சுற்றத் தேவையில்லை. தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ், வொர்திங், செயின்ட் லாரன்ஸ் கேப், இந்த வரிசையில் சமையலறையுள்ள அபார்ட்மென்ட் ஒன்று பிடியுங்கள். மேற்குக் கரையில் கடல் இன்னும் சாந்தம், ஆனால் வாடகை எகிறும். ஜனவரி உச்ச சீசன் வேறு, டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை விலை இறங்காது. இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

பஸ் மூன்று வகை. நீலத்தில் மஞ்சள் பட்டை போட்டது அரசு டிரான்ஸ்போர்ட் போர்டு பஸ். மஞ்சளில் நீலப் பட்டை தனியார் மினி பஸ். வெள்ளையில் மெரூன் பட்டை போட்ட வேனை 'இசட்ஆர்' என்பார்கள், நம்பர் பிளேட்டும் அப்படித்தான் தொடங்கும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 3.50 பார்படோஸ் டாலர் (ஏறியிருக்கிறதா என்று போனதும் கேட்டுக்கொள்ளுங்கள்). அரசு பஸ்ஸில் சில்லறை தரமாட்டார்கள், அமெரிக்க டாலர் வாங்கமாட்டார்கள். ஐந்து டாலர் நோட்டைப் போட்டால் மீதி போனது போனதுதான். மினி பஸ்ஸிலும் இசட்ஆரிலும் சில்லறை உண்டு. ஸ்டாப் கம்பத்தில் 'டு சிட்டி' அல்லது 'அவுட் ஆஃப் சிட்டி' என்று மட்டும் எழுதியிருக்கும். சிட்டி என்றால் பிரிட்ஜ்டவுன். தெருவின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு அதுவே வழிகாட்டி. கை காட்டினால்தான் நிறுத்துவார்கள்.

தெற்குக் கரை நெடுக ஓடுவது 11ஆம் எண் இசட்ஆர். அடிக்கடி வரும், ஆனால் ஆளை அடைத்து, பாட்டைச் சத்தமாக வைத்து, வேகமாக ஓட்டுவார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் நீல பஸ்ஸுக்குக் காத்திருங்கள். கிழக்குக் கரை பாத்ஷீபாவுக்கு பிரிட்ஜ்டவுன் ஃபேர்சைல்ட் தெரு நிலையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. இறங்கியவுடன் திரும்பும் பஸ் நேரத்தை டிரைவரிடமே கேளுங்கள். ஜனவரியில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும்.

விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு பஸ் வேண்டாம், டாக்ஸிதான். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஊருக்கு ஊர் நிர்ணயக் கட்டணம். ஏறுமுன் தொகையைக் கேளுங்கள், கூடவே "பார்படோஸ் டாலரா, யுஎஸ்ஸா" என்றும் கேளுங்கள். ஒரு யுஎஸ் டாலருக்கு இரண்டு பார்படோஸ் டாலர் என்பது நிலையான மாற்று. 'நாற்பது டாலர்' என்று மொட்டையாகப் பேசி முடித்தால், இறங்கும்போது அது இரட்டிப்பாகலாம்.

கார் எடுக்கும் நாளில் வடக்கே போங்கள்: அனிமல் ஃப்ளவர் குகை, செயின்ட் நிக்கோலஸ் ஆபி, வரும் வழியில் ஹன்ட்ஸ் தோட்டம். குகைக்குள் கடல் அலை புகும் நாளில் மூடிவிடுவார்கள், காலையில் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். நம்மைப் போலவே இடதுபக்கம் ஓட்டும் ஊர், ஸ்டியரிங்கும் வலதுபக்கம். உங்கள் தமிழ்நாடு லைசென்ஸைக் காட்டினால் வாடகைக் கம்பெனியே விசிட்டர் பெர்மிட் போட்டுத்தரும். ஊர்ப்புற ரோடு ரொம்பக் குறுகல், இரண்டு பக்கமும் கரும்பு உயர்ந்து நின்றால் வளைவில் எதிரே வருவது தெரியாது. கூகுள் மேப் குறுக்குவழி காட்டினாலும் பெரிய ரோட்டை விடாதீர்கள்.

சமையல்கட்டு:
ரைஸ் குக்கர் எடுத்துப்போகாதீர்கள். அங்கே கரன்ட் 115 வோல்ட், பிளக் அமெரிக்கா மாதிரி தட்டைக் கால். நம் ஊர் 230 வோல்ட் குக்கரை அதில் போட்டால் வோல்டேஜ் பாதி, சூடு நான்கில் ஒரு பங்கு. 500 வாட் குக்கர் 125 வாட்டில் முனகும். அரிசி ஊறி, கொழகொழவென்று நிற்கும், வேகாது. கெட்டில், மிக்ஸி, இன்டக்‌ஷன் எதுவும் அதே கதி. யுனிவர்சல் அடாப்டர் பிளக்கின் காலை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. செல்போன், லேப்டாப் சார்ஜரில் '100–240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. அடுப்புள்ள வீடாகப் பார்த்து, இங்கிருந்து மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். மூன்று பேருக்கு அது போதும்.

அரிசி, பருப்பு, உருளை, வெங்காயம், வெண்டைக்காய் அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். சீல் பிரிக்காத சாம்பார் பொடி, ரசப் பொடி, பெருங்காயம் கொண்டுபோகலாம். கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம், விதை எதுவும் கொண்டுபோகாதீர்கள். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். சுண்ணாம்புப் பாறை வழியே வடிந்து வரும் நிலத்தடி நீர் அது, பாட்டிலுக்குச் செலவு வேண்டாம்.

வெளியே சாப்பிடும்போது கவனம். 'ரைஸ் அண்ட் பீஸ்' பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும், பல சமயம் போடுவது நம் துவரைதான். ஆனால் உப்பிட்ட பன்றி வாலை அதோடு சேர்த்து வேகவைக்கும் வழக்கம் உண்டு. பரிமாறும்போது துண்டை எடுத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. "வெஜிடேரியனா?" என்று கேட்டால் போதாது. "இறைச்சி போட்டு வேகவைத்தீர்களா?" என்று கேளுங்கள். மக்ரோனி பையில் முட்டை இருக்கலாம். கூகூ என்ற சோளமாவுக் களியை வெண்டைக்காய் போட்டுக் கிண்டுவார்கள். அது நல்லது, ஆனால் மேலே மீன் குழம்பை ஊற்றுமுன் நிறுத்தச் சொல்லுங்கள். உருளை–கொண்டைக்கடலை ரோட்டி அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும். 'ஐட்டல்' என்று போர்டு இருந்தால் ராஸ்தாஃபாரி சமையல், பெரும்பாலும் முழுச் சைவம். கடுகு போட்ட மஞ்சள் நிற மிளகாய் சாஸை மட்டும் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

நங்கநல்லூர்வாசி:
மிக்க நன்றி. டிக்கெட்டை நிறுத்தி வைத்துவிட்டேன், ட்ரினிடாடும் இல்லை. கடல் பக்கம் என்ன கவனிக்க வேண்டும்? பணம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பட்டினப்பாக்கம் அலை:
மேற்கும் தெற்கும் குளிக்கலாம், கிழக்கில் குளிக்கவே கூடாது. பாத்ஷீபாவில் அட்லாண்டிக் நேராக வந்து மோதுகிறது, உள்ளிழுக்கும் நீரோட்டம் பலம். அது கரையில் நின்று பார்க்கும் இடம். அம்மாவோடு இறங்க பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் பே நல்ல இடம், மணல், அலை குறைவு. மூழ்கிய கப்பல்களும் ஆமைகளும் அங்கேயே. ஆமையைத் தொடவோ தீனி போடவோ வேண்டாம்.

மேற்குக் கரையில் மான்சினீல் என்ற மரம் உண்டு. பச்சை ஆப்பிள் மாதிரி சின்னப் பழம், கீழே உதிர்ந்து கிடக்கும். பழம், இலை, பால் எல்லாமே விஷம். பிச்சாவரத்தில் இருக்கிற தில்லை மரத்தின் குடும்பம்தான் இது. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையில் வடியும் தண்ணீர் பட்டே தோல் கொப்பளிக்கும். பல மரங்களில் சிவப்பு வளையம் அடித்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்திலும் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

உடை விஷயம் ஒன்று: ராணுவ வண்ணத் துணி (கேமஃப்ளாஜ் டிசைன்) அங்கே சட்டப்படி தடை, குழந்தைக்குக் கூட. தொப்பி, பை, அரைக்கால் சட்டை எதிலும் அந்த டிசைன் வேண்டாம்.

பாரிமுனை சில்லறை:
பார்படோஸ் டாலர் சென்னையில் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். ஃபாரெக்ஸ் கார்டில் யுஎஸ் டாலர் ஏற்றுங்கள், கொஞ்சம் சின்ன நோட்டாக 1, 5, 10, 20 கையில் வையுங்கள். கடைகளில் யுஎஸ் நோட்டு வாங்குவார்கள், மீதியைப் பார்படோஸ் டாலராகத் தருவார்கள். பஸ்ஸுக்கு மட்டும் ஏடிஎம்மில் கொஞ்சம் எடுத்து முதல் நாளே மாற்றி வையுங்கள். கார்டு மெஷின் 'ரூபாயில் கட்டவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, உள்ளூர்ப் பணத்திலேயே கட்டுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைக்கும் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடுங்கள். மிஞ்சும் பார்படோஸ் டாலரை அங்கேயே செலவழித்துவிடுங்கள், இங்கே யாரும் வாங்கமாட்டார்கள்.

சேப்பாக்கம் டி ஸ்டாண்ட்:
ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். 2024 ஜூன் 29 அன்று நாம் டி20 உலகக் கோப்பை ஜெயித்த கென்சிங்டன் ஓவல், பிரிட்ஜ்டவுன் மையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். அதன் பிறகு கேவ் ஹில் பல்கலைக்கழக வளாகத்துக்கு பஸ் ஏறி 3டபிள்யூஸ் ஓவல் மைதானத்தையும் பாருங்கள், வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் ஜாம்பவான்கள் வொரெல், வீக்ஸ், வால்காட் மூவரின் கல்லறையும் அங்கே. 1962இல் பிரிட்ஜ்டவுனில் அப்போதைய இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் இந்த வொரெல். அங்கே காவலரிடம் முதலில் "குட் மார்னிங்" சொல்லிவிட்டு, பிறகு அனுமதி கேளுங்கள். அந்த ஊரில் கடை, பஸ், எங்கேயும் வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.